களஞ்சியம் நிறைந்தும் கதவு திறக்கவில்லை

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை காவி நிறம் பூணுகிறது. வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாக் கொடி 29-ஆம் நாள் ஏறுவதற்குள் அங்குச் சென்றுசேர விழையும் திருப்பயணிகள், சிறு தேர்களை இழுத்துக்கொண்டும் செபமாலை சொல்லிக்கொண்டும் திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை வழியே தெற்கு நோக்கி நடக்கின்றனர். சென்ற ஆண்டு அவ்வாறு நடந்தோருள் பாலவாக்கத்துத் தம்பதியர் இருவரும் இருந்தனர். அவர்களுக்கு நேர்ந்ததை அவர்களுடைய இசைவோடு இம்மாதம் எழுதுகிறோம். மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பெருகிவரும் இந்நாளில் இது பலருக்கும் பயன்படும் என நம்புகிறோம்.

அத்தம்பதியர் தங்கள் பிள்ளைகளையும் வயது முதிர்ந்த தாயாரையும் தங்கை வீட்டில் விட்டுப் புறப்பட்டனர். வாங்கி மூன்றாண்டு நிறைந்த மின்சாரக் கார் வீட்டு வாசலில் நின்றது. புறப்படுமுன் அதற்கு எண்பது விழுக்காடு சார்ஜ் ஏற்றியிருந்தனர். வண்டியைப் பற்றிய கவலை கணவரை விடவில்லை. ஆதலால் தங்கும் இடந்தோறும் கைப்பேசியை எடுத்து, வண்டி பூட்டியிருக்கிறதா, சார்ஜ் குறையவில்லையா என்று பார்த்துக்கொண்டார். செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவும் முடிந்து, மூன்று வாரங்களுக்குப்பின் இல்லம் திரும்பினர். தாயாரும் பிள்ளைகளும் வந்துசேர்ந்தனர்.

மறுநாள் நள்ளிரவு கடந்த வேளையில் தாயாருக்கு மூச்சுத் திணறியது. மகன் ஓடிச்சென்று கார்ச் சாவியின் பொத்தானை அழுத்தினார். கதவு திறக்கவில்லை, விளக்கொன்றும் மின்னவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தியும் வண்டி கல்லாய் நின்றது. மனைவி எழுப்பிய கூக்குரல் கேட்டு வெளியே வந்த எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநர் அம்மூதாட்டியை ஏற்றிச்சென்று மருத்துவமனை சேர்த்தார். இறையருளால் அவர் நலம்பெற்று இல்லம் திரும்பினார்.

எண்பது விழுக்காடு மின்சாரத்தைச் சுமந்து நின்ற வண்டி தன் கதவைக்கூடத் திறக்க இயலாமற் போனது ஏன்?

மின்சாரக் காரில் பேட்டரிகள் இரண்டு உண்டு. சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பேட்டரி இருக்கைகளுக்கு அடியில் கிடக்கிறது. பல கார்களில் அதன் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. மனித உயிரைப் போக்க வல்லது. எனவே வண்டி நிற்கும்போது அதன் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படுகிறது. அவ்விணைப்பை மீண்டும் கூட்டும் ரிலேக்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் துணைப் பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, கண்ணாடித் துடைப்பான், வண்டியின் கணினிகள் ஆகிய யாவும் இச்சிறு பேட்டரியையே நம்பியிருக்கின்றன. வண்டி இயங்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும், கன்வெர்ட்டர் என்னும் கருவி பெரிய பேட்டரியின் மின்சாரத்தை மாற்றிச் சிறியதற்கு ஊட்டுகிறது. வண்டி உறங்கும்போது அவ்வூட்டம் நின்றுவிடுகிறது. சில கார்கள் இடையிடையே தாமே விழித்து ஊட்டிக்கொள்ளும். எல்லாக் கார்களும் அவ்வாறு செய்வதில்லை. திறவுகோல் தொலைந்துபோன களஞ்சியத்தில் எத்துணை நெல் இருந்து என்ன பயன்?

வோல்ட் என்னும் அளவையின் பெயர் இத்தாலிய அறிஞர் அலெஸாந்த்ரோ வோல்டாவை நினைவூட்டுவது. 1800-இல் முதல் மின்கலத்தை உலகிற்கு அறிவித்த அவர், தம் கத்தோலிக்க விசுவாசத்தை மறைக்காமல் வாழ்ந்தவர். பின்னர், 1859-இல் பிரெஞ்சு நாட்டுக் காஸ்டன் பிளான்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈய-அமில மின்கலத்தை ஆக்கினார். இன்றும் மின்சாரக் கார்கள் பலவற்றில் துணைப் பேட்டரியாக இருப்பது அதன் வழித்தோன்றலே. இதற்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் வடிந்த நிலையில் பலநாள் விட்டுவைத்தால், உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின்மீது உப்புப் போன்ற படிவு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது.

பெட்ரோல் காரின் பேட்டரி நலிந்தால் நமக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும். எஞ்சினைச் சுழற்ற மிகுந்த மின்சாரம் வேண்டுமாதலால், காலையில் அது முக்கி முனகிக் கிளம்பும். மின்சாரக் காரில் அவ்வாறு சுழற்ற வேண்டிய எஞ்சின் இல்லை. சிறிதளவு மின்சாரமே போதுமாதலால், நலிந்த பேட்டரியும் கடைசி நாள்வரை முணுமுணுப்பின்றி ஊழியம் செய்துவிட்டு, ஒருநாள் சட்டென்று அடங்கிவிடும்.

பாலவாக்கத்து வண்டியில் நடந்ததும் இதுவே. முன்கண்ணாடியில் பொருத்திய காமிரா இரவு பகலாக மின்சாரம் உண்டது. கைப்பேசியில் வண்டியைப் பார்த்த போதெல்லாம் அதன் கணினிகள் விழித்தெழுந்து சிறிது மின்சாரத்தைச் செலவிட்டன. கவலையினால் பார்த்த பார்வையே வண்டியைக் களைப்புறச் செய்தது! சென்னை வெயிலும் தன் பங்கைச் செய்திருந்தது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு. கடலோர உப்புக்காற்றோ பேட்டரி முனைகளை அரிக்க வல்லது.

எல்லாப் பழியும் உரிமையாளர்மேல் விழுவதன்று. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை நடத்தும் ஹூண்டாய் நிறுவனம், 2024 ஜூன் திங்களில் தன் அயோனிக் 5 கார்களுள் 1,744-ஐச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. சிறிய பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் கட்டுப்பாட்டுக் கருவியில் பழுது நேரக்கூடும் என்பதே அதற்குக் காரணம். ஆகவே, சிறிய பேட்டரி அடிக்கடி அடங்குமாயின், புதியதொன்றை மாற்றிவிட்டு அமைதியடைதல் கூடாது. அதற்கு ஊட்டம் முறையாக வருகிறதா என்றும் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

இனி, குடும்பத்தார் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, வண்டியோடு தந்த கையேட்டைப் பிரித்து, சிறிய பேட்டரி எங்கிருக்கிறது, எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறக்க வீட்டார் அனைவரும் பகலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாரம் ஒருமுறையேனும் வண்டியை அரைமணிக்குமேல் ஓட்டுங்கள். இயங்க ஆயத்தமாகாத வண்டியில் அமர்ந்து பாட்டுக் கேட்பதும் விளக்கெரிப்பதும் சிறிய பேட்டரியை வற்றச் செய்யும்.

மூன்றாவது, மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் கொண்டு அளந்து பாருங்கள். சில மணிநேரம் ஓய்ந்த ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.4 எனில் முக்கால் பங்கு, 12.2 எனில் பாதி; 12-க்குக் கீழிறங்கினால் காலம் தாழ்த்தலாகாது. வண்டியை இயக்க நிலையில் வைக்கும்போது பொதுவாக 13½ முதல் 14½ வோல்ட் வரை காட்டினால் ஊட்டம் வருகிறது எனக் கொள்ளலாம். லித்தியம் வகைத் துணைப் பேட்டரிக்கு இவ்வெண்கள் பொருந்தா.

நான்காவது, நெடும்பயணம் செல்லுமுன் காமிராவின் இணைப்பை நீக்குங்கள். சாவியை வண்டியிலிருந்து தொலைவில் வையுங்கள். கைப்பேசியில் வண்டியை எட்டிப்பார்க்கும் ஆவலை அடக்குங்கள். சார்ஜ் கம்பியைச் செருகி வைத்தால் போதும் என்று எண்ணவேண்டா. பெரிய பேட்டரி நிறைந்தபின் சிறியதற்கு ஊட்டாத கார்களும் உண்டு. இரு வாரங்களுக்குமேல் செல்வதாயின், கையேடு இசைந்தால், சிறிய பேட்டரிக்குரிய பராமரிப்புச் சார்ஜரை இணைக்கச் செய்யலாம். அல்லது வண்டி ஓட்டத் தெரிந்த உறவினர் ஒருவரை வாரந்தோறும் ஓட்டிவரச் சொல்லலாம்.

ஐந்தாவது, பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மெக்கானிக்கைக் கொண்டு துடைத்து, வாசலின் பூசச் செய்யுங்கள். மூன்றாண்டு கடந்த பேட்டரியை ஆண்டுதோறும் சோதிப்பித்து, மாற்ற நேர்ந்தால் கையேடு கூறும் வகையையே இடுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றை ஒருபோதும் தீண்டாதீர்கள். அடங்கிய வண்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் தருவதாயின், 12 வோல்ட் முனைகளுக்கு, கையேட்டில் கண்டவாறே தரவேண்டும். நள்ளிரவில் உயிருக்கு இடர் நேர்ந்தால் பேட்டரியோடு போராடி நேரத்தை வீணாக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

நிற்க. மருத்துவமனையில் அம்மூதாட்டி மகனிடம் சொன்ன ஒரு செய்தி நம் நெஞ்சைத் தைத்தது. மூச்சுத் திணறல் அன்றிரவு தொடங்கியதன்று; பத்து நாள்களாகவே இருந்ததாம். பிள்ளைகளின் திருப்பயணம் தடைபடக் கூடாதென்று அவர் எவரிடமும் கூறவில்லை. மகன் நாள்தோறும் கைப்பேசியில் பேசியதுண்டு, “நலந்தானே, அம்மா?” என்பார். “நலமே” என்று அவரும் சொல்லிவிடுவார்.

முணுமுணுக்காமல் உழைப்போர் நம் இல்லங்களிலும் உண்டு. மாலைச் செபம் முடிந்தவுடன் எழுந்து சென்றுவிடாமல், அவர்கள் அருகே சற்று நேரம் அமர்ந்து, உண்டார்களா, உறங்கினார்களா, மாடிப்படி ஏறும்போது இளைக்கிறதா என்று கேட்டறிவோம். அந்த மகன் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வந்ததும், மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு காரின் அருகே செல்கிறார். தாயாருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வைத்த பின்னரே!