கித்தானில் ஒரு ஜனக்கூட்டம்

கித்தா மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவன் கித்தானில் சித்திரம் எழுதத் துணிந்தது, ஓர் எழுத்துக் கூடிப்போனதால் வந்த வினை என்று என் மனைவி பரிகசிப்பதுண்டு. ஆயினும் சென்ற மூன்று ஞாயிறுகளாக, சவுக்கைத் தன் பெயரிலேயே தாங்கிய டெசாருவில், அந்தச் சவுக்கு மரங்களின் நிழலில் முக்காலியும் வர்ணப் பலகையுமாக அமர்ந்து, கடற்கரையில் நிறையும் கூட்டத்தைத் தைல வர்ணத்தில் பிடித்துவிட நான் செய்துவரும் பிரயத்தனத்தைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. பதினோரு ஆண்டுகள் வெள்ளியும் சனியுமாக இருந்த நம் ஜொகூரின் வார விடுமுறை, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டதால், எழுதுவதற்கு ஆட்களுக்குக் குறைவேயில்லை.

முதல் ஞாயிறு வீணாயிற்று. சமதரையில் நின்று பார்ப்பவனுக்குத் தன் உயரமுள்ளவர் அனைவரின் தலைகளும், அருகிலிருந்தாலும் தூரத்திலிருந்தாலும், தொடுவானக் கோட்டிலேயே அமையும். தூரம் கூடக்கூடக் கால்கள் மட்டும் அந்தக் கோட்டை நோக்கி ஏறும். இந்தச் சாஸ்திரத்தைப் பாடமாக வைத்திருந்த நான், முக்காலியில் உட்கார்ந்திருப்பதை மறந்து, நிற்பவன் காணும் காட்சியை எழுதினேன். உட்கார்ந்தவனுக்கு அருகில் நிற்பவர்கள் வானத்தை மறைத்தல்லவா எழுவார்கள்? என் படத்திலோ அத்தனை பேரும் முழங்கால்வரை மணலில் புதைந்தவர்களாகக் காட்சியளித்தனர். கத்தியால் சுரண்டிவிட்டேன்.

தைல வர்ணத்தில் உள்ள சௌகரியம் அதுதான். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல உட்கொண்டு இறுகுவதற்கு நாட்கள் பிடிக்கும். அதுவரை திருத்தலாம்; அதுவரை கெடுக்கவும் செய்யலாம். ஈர மஞ்சளின்மேல் ஈர நீலத்தை அவசரப்பட்டு இழைத்தால் மிஞ்சுவது சேறு. கிழக்கு நோக்கிய கரையாதலால் காலைச் சூரியன் கடலுக்குமேல் நின்று, எதிரிலிருப்போரின் முகங்களை இருளாக்கி ஓரங்களை மட்டும் பொன்னாக்கும் அந்த நாழிகையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகை வடக்கேயுள்ள இவ்விடத்தில் உச்சிவேளையில் நிழல் காலடியில் சுருண்டுகொள்ள, மனிதர்கள் மணலில் ஊன்றாமல் மிதக்கத் தொடங்குகிறார்கள்.

யாரைக் குருவாகக் கொள்வது? வலென்சியாக் கடலில் ஈரம் மின்னும் நிர்வாணச் சிறுவர்களை எழுதிய சொரோயாவின் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் ஜனங்கள் உடுத்திக்கொண்டே கடலாடுகிறவர்கள். சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பாட்டி, பாஜூ கூரோங்கைச் சற்றே தூக்கிப் பிடித்து அலைக்கு அஞ்சும் மலாய்ப் பெண், பஞ்சாபி உடையோடு புரளும் இளம்பெண்கள் என்று எங்கு நோக்கினும் துணியே தெரிகிறது. ஆகவே, 1860களில் பிரான்சின் துரூவில் கரையில் குடைபோல் விரிந்த பாவாடைகளோடு நாற்காலியில் வீற்றிருந்த சீமாட்டிகளை எழுதிய யூஜேன் பூதேனே நமக்கு உறவுக்காரர் என்பது என் தீர்மானம். முகத்தை விட்டுவிட்டு, ஆடைக்கு மூன்று தீற்றல், நிழலுக்கு ஒன்று என்று கூட்டத்தை நிற்கவைத்த மனிதர் அவர். நம் துணிக்கு நான்காவது தீற்றல் ஒன்று வேண்டும். நனைந்த பாதி எப்போதும் உலர்ந்த பாதியைவிடக் கறுத்தல்லவா தெரிகிறது?

அவரிடம் வெளியில் எழுதப் பழகிய மோனே அதே கரையில் 1870இல் எழுதிய படமொன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் வர்ணத்தில் மணற்துகள்கள் ஒட்டியிருக்கின்றன. என் கித்தானிலும் மணல் ஒட்டியிருக்கிறது. மோனேக்கும் எனக்கும் உள்ள ஒற்றுமை அவ்வளவே.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் வந்துவிட்டால் இக்கரையில் முக்காலி நிற்காது. படத்தின் இடது ஓரத்தில் இன்னும் ஒரு சிவப்புக் குறைகிறது. சிவப்புச் சேலையோடு எவரேனும் வருகிற ஞாயிறு காலை அங்கு வருவீர்களாயின், தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிஷம் அசையாமல் நிற்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.