சொல் தந்தவர்க்கு ஒரு சாளரம்

மொழியியல் மாணவர் பலர் இன்று பைத்தான் கற்கின்றனர். கோப்பைத் திறத்தல், சொற்களை எண்ணுதல், வரிசைப்படுத்துதல் என்ற அளவில் அந்தக் கல்வி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. விளைவு கறுப்புத் திரையில் சில வரிகளாகத் தோன்றி மறைகிறது. அதை இயக்கத் தெரிந்தவர் எழுதியவர் ஒருவரே. களப்பணியில் மணிக்கணக்காக அமர்ந்து சொற்களைத் தந்த மூத்தோர்க்கும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தத் திரையால் பயனில்லை. ஆகவே, மொழியியல் மாணவர் எழுதும் முதல் முழுமையான நிரல், தேடற்பெட்டியும் பொத்தானும் கொண்ட ஒரு சிறு கணினிச் செயலியாக அமைய வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. விண்டோஸ் கணினியில் பைத்தானை நிறுவும்போதே, சாளரம் அமைக்கும் டிகின்டர் நூலகமும் தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட்டும் உடன் வந்துவிடுகின்றன. டிகின்டருக்கு அடித்தளமான டிகே, பெர்க்லியில் பணியாற்றிய ஜான் ஔஸ்டர்ஹவுட் தம் டிசிஎல் மொழிக்குத் துணையாக உருவாக்கியது. தோற்றத்தில் சற்றே பழமையானது, கற்பதற்கு எளியது. ஒரு சாளரம், ஒரு உள்ளீட்டுப் பெட்டி, ஒரு பொத்தான், விடை தோன்றும் ஒரு பட்டியல்: ஒரு சிறு களச் சொற்பட்டியலுக்கு இவை போதும்.

எளிது என்பதால் அற்பமன்று. வழக்கமான சிறு நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். சாளர நிரலோ காத்திருக்கும். எதை முதலில் அழுத்துவது என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்கிறார். வெற்றுப் பெட்டியோடு தேடினால் என்ன செய்வது, சொல் கிடைக்காவிட்டால் எவ்வாறு சொல்வது, நீண்ட தேடலின்போது சாளரம் உறைந்துபோகாமல் எப்படிக் காப்பது என எதிரில் இருப்பவரை முன்வைத்தே ஒவ்வொரு வரியும் எழுதப்பட வேண்டும். கேட்போரை எண்ணிப் பேசுவதை உரையாடலின் இயல்பாகப் படிக்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி அரிது.

தமிழ்த் தரவை உள்ளிட்டவுடன் மொழியியலே நேரில் வந்து நிற்கும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் 3. பைத்தான் எண்ணுவதோ 5. மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஒருங்குறி தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருப்பதே காரணம். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; இயல்பாக்கம் செய்யாத நிரலுக்கு இரண்டும் வேறு. பட்டியலில் உள்ள சொல்லையே இல்லை என்று அது சொல்லிவிடும். வரிசையும் அவ்வாறே. தமிழ் நெடுங்கணக்குப்படி மரம், மலர், மழை, மறை, மனம் என வரவேண்டியவை, குறியீட்டு எண்படி மனம், மரம், மறை, மலர், மழை என மாறிவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரு நிமிடத்தில் நிரலை எழுதித் தரக்கூடும். மரத்துக்குப் பின்னரே மனம் வரவேண்டும் என்று கேட்டுத் திருத்த ஒருவர் வேண்டும். அவர் மொழி அறிந்தவராக இருக்க வேண்டும்.

பிராட், ஈலான் போன்ற தேர்ந்த கருவிகள் இருக்கையில் இது வீண் உழைப்பு என்பார் உண்டு. ஒலி அலையை ஆராயவும் பதிவுக்கு உரை சேர்க்கவும் அவற்றுக்கு இணையில்லை. அவற்றை எவரும் கைவிட வேண்டியதில்லை. எனினும் அவை ஆய்வாளரின் மேசைக்கென வடிவமைக்கப்பட்டவை. ஊர்ப் பள்ளி ஆசிரியர் திறந்து, தம் மொழிச் சொல்லைத் தட்டி, பொருளை உடனே காணும் எளிய சாளரம் வேறு வகையான தேவை.

இணையதளம் போதாதா என்ற கேள்வியும் எழும். மலைக் குடியிருப்புகள் பலவற்றில் இணைப்பு நிலையாகக் கிடைப்பதில்லை. அதனினும் பெரிது இசைவு. ஒரு சமூகம் தன் சடங்குச் சொற்களை வெளியுலகுக்குத் திறக்க விரும்பாமல் இருக்கலாம். ஊர்க் கணினியிலேயே தங்கும் செயலி அந்த விருப்பத்தை மதிக்கும். பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே கோப்பாகக் கட்டி, பென் டிரைவில் கொடுத்துவிடலாம்; பெறுபவர் கணினியில் பைத்தான் இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை 2013 முதல் நடத்திவருகிறது. அத்தகைய மொழிகளில் ஆவணத்துக்கு உரிய முதல் வாசகர் அதைப் பேசுபவரே. ஆய்வேடு நூலகத்துக்குச் செல்கிறது. கட்டுரை ஆய்விதழுக்குச் செல்கிறது. சொல் பிறந்த ஊருக்குத் திரும்புவது எது? களப்பணி செய்யும் ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வும், அச்சமூகத்தின் இசைவோடு, இத்தகைய சிறு செயலி ஒன்றையேனும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் எனத் துறைகள் விதிக்கட்டும். வாய்மொழித் தேர்வில் அதைத் திறந்து காட்டச் சொல்லட்டும்.