கேட்டைப் பூட்டியவர்களின் கணக்கு

பெண்கள் கால்பந்துக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "பார்க்க ஆள் வரணுமே சார்." மழை பெய்யாததற்கு வருத்தப்படுவதுபோலச் சொல்வார்கள். நல்ல மனிதர்கள்தான். சொல்வதுதான் தப்பு.

1920 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் லேடீஸ் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியும் மோதின. 53,000 பேர் உள்ளே. இடமில்லாமல் திரும்பியவர்கள் வேறு ஆயிரக்கணக்கில். டிக், கெர் அணிக்கு வழக்கமாகக் கோல் அடித்துத் தள்ளும் ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் அன்றைக்கென்று பார்த்து ரயிலைத் தவறவிட்டார். பின்வரிசையில் ஆடும் அந்த அணியின் கேப்டன் ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் முன்னால் போய் மூன்று கோல் போட்டார்.

டிக், கெர் லேடீஸ் யார்? பிரஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் முதல் உலகப் போருக்குக் குண்டு செய்த பெண்கள். டீ இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்துப் பழகியவர்கள். அதே டிசம்பரில் பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் இரவு ஆட்டமும் ஆடினார்கள். ராணுவத்திடம் இரவல் வாங்கிய, விமானத்தைத் தேடும் விளக்குகள்தான் வெளிச்சம். இருட்டில் தோல் பந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவ்வப்போது அதற்கு வெள்ளையடித்து உள்ளே உருட்டினார்கள். ஆளை வரவழைக்க இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

"போரில் ஆண்கள் இல்லாததால் வந்த கூட்டம்" என்று மடக்குவார்கள். போர் 1918இலேயே முடிந்துவிட்டது. ஆண்கள் லீக் அடுத்த ஆண்டே திரும்பிவிட்டது. குடிசன் பார்க் நிரம்பியது அதற்கும் பிறகு.

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல, எங்கள் கிளப்புகள் அவர்களுக்கு மைதானம் தரக் கூடாது. கூடவே, வசூல் முழுதும் தர்மத்துக்குப் போகவில்லை என்ற குற்றச்சாட்டு. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆண்கள் கூலி வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று 1885இலேயே ஒப்புக்கொண்ட சங்கம் அது! ஒரு நாள் சம்பளத்தை இழந்து ஆட வந்த தொழிலாளிப் பெண் அதற்கு ஈடு வாங்கினால் மட்டும் களவாம். அந்த 1921இல்தான், கதவடைப்பில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் திரட்டின. மேலிடத்துக்கு அது உறுத்தியிருக்காது என்று நான் நம்பவில்லை.

பிறகு நடந்தது எளிது. கேலரி கிடையாது, டிக்கெட் கவுன்டர் கிடையாது. பூங்காவிலும் வயலிலும் ஆட்டம். கூட்டம் கரைந்தது. ஐம்பது வருஷம் கேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, "வாசலில் யாரையும் காணோமே" என்றார்கள். மேற்கு ஜெர்மனி 1955இலிருந்து 1970 வரை இதையே செய்தது. பிரேசில் 1941இலிருந்து 1979 வரை சட்டம் போட்டே தடுத்தது. ஆள் வராத ஆட்டத்துக்கு எதற்குத் தடை?

2022 மார்ச்சில் பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தைப் பெண்கள் அணிக்குத் திறந்துவிட்டபோது 91,553 பேர் வந்தார்கள்.

இங்கிலாந்தில் தடை விலகியது 1971இல். டிக், கெர் லேடீஸ் ஆள் போதாமல் 1965லேயே கலைந்திருந்தது.