வீதியில் முழங்கும் கலை

ஐதராபாத்தின் மல்லாபூர் வீதியில் திருமண ஊர்வலம் வருகிறது. முதலில் முரசின் அதிர்வு நெஞ்சைத் தொடுகிறது. பின்னர் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் முழங்குகின்றன. சிறுவர்கள் வாசலுக்கு ஓடுகின்றனர். பெரியவர் சிலரோ, "வெறும் இரைச்சல்! ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் போதாதா?" என்கின்றனர். நள்ளிரவில் ஓசை அடங்க வேண்டும் என்பது முறையே. ஆயினும், ஒலிபெருக்கி பேண்டு இசைக்கு ஈடாகாது.

பேண்டு இசை ஐரோப்பியப் படைகளோடு இந்தியாவிற்கு வந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒலித்த அதன் மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றிற்கு வடமொழிப் பாடல்கள் இயற்றினார். அவை 'நோட்டுஸ்வரம்' எனப்படுகின்றன. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், பல்லாண்டு உழைத்து அதனைக் கருநாடக இசை மேடையில் ஏற்றினார். 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தால் அவர் வாசிப்பு தமிழகமெங்கும் பரவியது. இவ்விருவரும் இரைச்சலென்று காதைப் பொத்தியிருந்தால் இச்செல்வம் கிடைத்திருக்குமா?

பதிவுசெய்த பாட்டு எவர் முன்னும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பேண்டுக் கலைஞரோ, ஆடுவோரின் கால்களைப் பார்த்துத் தாளத்தை விரைவாக்குவார். முதியோர் நடை தளர்ந்தால் மெட்டை மாற்றுவார். அவர் மூச்சும் கூட்டத்தின் களிப்பும் ஒன்றாகும் நொடியே நேரில் கேட்பதன் இன்பம்.

அவருக்குப் பிழைப்புத் தருபவை முகூர்த்த நாள்கள். அவற்றையும் ஒலிபெருக்கி பறித்துக்கொண்டால், கருவி பரணுக்குப் போய்விடும். ஆதலின், வீட்டுத் திருமணத்திற்கு பேண்டுக் குழுவை அழைப்பதும், ஊர்வலம் முடிந்தபின் கலைஞரின் பெயரைக் கேட்டுப் பாராட்டுவதும் கேட்டு மகிழ்ந்தோரின் கடமையாகும்.