பெயருண்டு, பொருளுண்டோ?

நமது அயலில் வாழும் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு மாலை வாடிய முகத்துடன் நம்மிடம் வந்தான். உயர்தர வகுப்பிற் பயில்பவன். கைத்தொலைபேசிக்கான செயலிகளை ஆக்குவதில் மிகுந்த ஆர்வமுடையவன். அவனுடைய இனசனத்தார் சிலர் இங்கும், சிலர் இலண்டனிலும், சிலர் கனடாவிலுமாகச் சிதறி வாழ்கின்றனர். குடும்பத்தின் பழைய படங்கள், காணி உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒருங்கே பேணும் பொருட்டு அவன் ஒரு செயலியை ஆக்கியிருந்தான்.

அச்செயலியில் அவனது அப்பாச்சியின் கலியாணப் படம் இருந்தது. கடதாசியில் இருந்த மூலப் படத்தைக் கறையான் அரித்துவிட்டது. எஞ்சியது செயலியில் ஏற்றப்பட்ட பிரதி ஒன்றே. அன்று அதனைத் திறந்து பார்த்தபொழுது, அங்கே வேறொரு கலியாணத்தின் படம் நின்றது! வெளிநாட்டிலிருக்கும் மாமி ஒருவர் தமது மகளின் படத்தை அதே பெயரில் ஏற்றியிருந்தார். பழையது மறைந்து போயிற்று.

இப்பிழை சேமிப்பகத்தினுடையதன்று, மாமியினுடையதுமன்று. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை மாணவன் செவ்வனே விளங்கிக்கொள்ளாமையே காரணம். இவ்வுறவைப் பற்றி இவ்வாரம் சிறிது கூற எண்ணுகின்றோம்.

முகிற் சேமிப்பகம் என்பது, இணையத்தின் வழியே எங்கோ உள்ள பெருங் கணினிகளில் நமது கோப்புக்களை வைத்திருக்கும் களஞ்சியம். செயலி ஆக்குவோர் பலர் இதற்குப் பயர்பேஸ் என்னும் சேவையைக் கையாளுகின்றனர். 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அதனை 2014இல் கூகிள் நிறுவனம் வாங்கியது. கோப்புக்களைச் சேமிக்கும் வசதி 2016இல் அதனுடன் சேர்க்கப்பட்டது.

செயலி ஒரு கோப்பைக் கையாள வேண்டுமாயின், முதலில் அதற்கொரு ‘சுட்டு’ அமைத்துக்கொள்ளும். ‘படங்கள்/கலியாணம்/அப்பாச்சி’ என்பது போன்ற பாதையைத் தாங்கி நிற்பதே சுட்டு. அதிலிருந்து ஒரு படி கீழிறங்கலாம். ஒரு படி மேலேறலாம். வேர் வரைக்கும் செல்லலாம். ஏற்றுதல், இறக்குதல், அழித்தல் யாவும் இச்சுட்டின் வாயிலாகவே நிகழ்வன.

ஆயினும் சுட்டு கோப்பன்று. வாசிகசாலையில் நூலின் பெயரும் இலக்கமும் எழுதிய அட்டையைப் போன்றது அது. அட்டை எழுதுவதற்கு அலுமாரிப் பக்கம் போகவேண்டியதில்லை. அவ்வாறே சுட்டு அமைக்கும்பொழுது செயலி சேமிப்பகத்தை நாடுவதேயில்லை. இல்லாத கோப்புக்கும் சுட்டு அமைக்கலாம். ‘கொண்டு வா’ என்று கேட்கும் வேளையிலேதான் ‘அப்படியொரு பொருள் இல்லை’ என்ற மறுமொழி கிடைக்கும்.

பெயர் எஞ்சிப் பொருள் அழியும் துயரத்தை நம்மவர் அறியாதவரல்லர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுட் பலவற்றின் பெயர் மட்டுமே படித்தவர் நினைவில் நின்றது. பெயரைப் பேணுதல் வேறு, பொருளைப் பேணுதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, மாணவன் செய்த பிழைக்கு வருவோம். ஒரு பாதையில் ஏற்கெனவே கோப்பொன்று இருக்க, அதே பாதையில் மற்றொன்றை ஏற்றினால், புதியது பழையதன் இடத்தைப் பிடித்துவிடும். அதனைத் தடுக்கும் விதியோ, பழையதை மீட்கும் ஏற்பாடோ முன்கூட்டிச் செய்திருந்தாலன்றிப் போனது போனதே. ஆகவே மனிதர் சூட்டும் பெயரைப் பாதையாகக் கொள்ளலாகாது. ஏற்றுபவருக்குரிய அடையாளத்தையும், ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக உண்டாக்கிய தனியிலக்கத்தையும் சேர்த்துப் பாதை அமைத்தல் வேண்டும். ‘அப்பாச்சி கலியாணம்’ என்னும் தலைப்பைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் வேறொரு நன்மையுமுண்டு. பாதையின் நீளம் 1,024 பைற்றுக்களுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்று போதும். தமிழில் உயிர், அகரமேறிய மெய், புள்ளி, துணைக்குறி ஒவ்வொன்றும் மும்மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். ‘அம்மா’ என்னும் சிறு சொல்லே 15 பைற்றுக்களாகும். மேலும், ஏற்றிய பின் பெயரை மாற்றுவதற்குச் செயலியிடம் நேரான கட்டளை இல்லை. புதுப் பெயரில் மீண்டும் ஏற்றிப் பழையதை அழித்தல் வேண்டும். மாறாத இலக்கத்தைப் பாதையாகக் கொண்டவருக்கு இத்தொல்லை இல்லை.

பெற்றோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. சேமிப்பகம் ஒவ்வொரு கோப்புக்கும் இணைய விலாசமொன்றையும் தரவல்லது. அவ்விலாசத்தினுள் நீண்டதொரு இரகசியக் குறி அடங்கியிருக்கும். சுட்டின் வழியே வருபவரைப் பாதுகாப்பு விதிகள் ‘நீர் யார்?’ என்று வினவும். விலாசத்துடன் வருபவரை அவை வினவுவதில்லை. விலாசம் யார் கையிலுண்டோ அவருக்குக் கோப்புத் திறக்கும். நமது மாணவன் காணி உறுதியின் விலாசத்தைக் குடும்பத்தார் குழுவிற் பகிர்ந்திருந்தான். அது எத்தனை கைகளுக்கு மாறியதோ! அக்குறியை உடனே இரத்துச் செய்யும்படி கூறினோம், செய்தான். உறுதி, சாட்சிப் பத்திரம் போன்றவற்றுக்கு விலாசமே பெறாது, பாதையை மட்டும் குறித்துவைத்து, விதிகளுக்கு உட்பட்டுச் சுட்டின் வழியே இறக்குதல் நன்று.

வரிசை முறையும் முக்கியமானது. முதலிற் கோப்பை ஏற்றி, அது சேர்ந்ததென்று அறிந்த பின்னரே அதன் பாதையைத் தரவுத்தளத்திற் பதிதல் வேண்டும். முன்னரே பதிந்துவிட்டு, இடையில் இணையம் அறுந்தால், பொருளற்ற பெயர் நின்றுவிடும். பதிவை நீக்கினால் கோப்பும் தானே நீங்கும் என்று எண்ணுவதும் தவறு. இரண்டையும் தனித்தனியே நீக்குதல் வேண்டும்.

அப்பாச்சியின் படம் என்னவாயிற்று என்று வாசகர் கேட்பர். முன்னொருகால் உறவினர் ஒருவருக்கு அனுப்பப்பட்ட சிறிய பிரதி அவரது கைத்தொலைபேசியிற் கிடைத்தது. முகம் தெரிகின்றது, கழுத்திலுள்ள நகையின் வேலைப்பாடு தெரியவில்லை. அப்பாச்சி அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, “இது காணும் மோனை” என்றார். மாணவனுக்குத்தான் அது போதவில்லை. செயலியை முதலிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றான். இம்முறை ஒவ்வொரு படத்துக்கும் வீட்டில் வேறொரு பிரதியும் வைத்திருக்கின்றான்.