61 நாள் விசைப்படகு ஓடாது! காரைக்கால் வீடுகளில் என்ன குழம்பு?

ஏப்ரல் 15ஆம் தேதி பிறந்தால் காரைக்கால் மீன்பிடித் துறைமுகம் அடங்கிவிடும். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஐஸ் உடைக்கும் சத்தம் இருக்காது. ஏலக் குரல் இருக்காது. ஜூன் 14 வரை, 61 நாள், இப்படித்தான்.

இது மீன்கள் முட்டையிடும் காலம். இப்போது வலை போட்டால் தாய் மீனும் போகும், வரப்போகும் குஞ்சும் போகும். ஆகவேதான் தடை. 2001ஆம் ஆண்டில் தடை வந்தபோது 45 நாள். 2017ல் அதை 61 நாள் ஆக்கினார்கள்.

கடலுக்கு இது நல்லது. அதில் சந்தேகம் இல்லை. அடுப்புக்கு எப்படி? அதை யாரும் அதிகம் கேட்பது இல்லை.

காரைக்கால் மாவட்டத்தின் கடற்கரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2011 கணக்குப்படி அங்கே 2 லட்சம் மக்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, அக்கம்பேட்டை, மண்டபத்தூர் போன்ற ஊர்களில் மீன் விருந்துச் சாப்பாடு அல்ல. தினச் சாப்பாடு. உள்ளே நெல் விளையும் ஊர்களிலும் அப்படித்தான். கூடையில் மீன் வந்தால் குழம்பு. வராவிட்டால் ரசம்.

மத்தி போனால் என்ன போகும்?

மத்தி, நெத்திலி, காரப்பொடி. இவை ஏழை வீட்டு மீன்கள். வஞ்சிரமும் வவ்வாலும் காசு உள்ளவர்களுக்கு. ஆனால் சத்தில் மத்தி எந்த மீனுக்கும் இளைத்தது அல்ல. நெத்திலியை முள்ளோடு தின்னலாம். பல்லுக்கும் எலும்புக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். உடம்பை வளர்க்கும் சத்துக்குப் புரதம் என்று பெயர். 55 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். அவள் நாள் முழுவதும் 300 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டால் 22 கிராம் அளவுக்குக் கிடைக்கும். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதி?

100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. மீதிப் பாதியை இத்தனை காலமும் மீன்தான் கொடுத்து வந்தது. 61 நாள் அந்த மீன் சுருங்குகிறது.

அடியோடு இல்லாமல் போவது இல்லை. கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் தடை கிடையாது. அவை கொண்டு வருவது கொஞ்சம். கேட்பவர்கள் அதிகம். விலை ஏறாமல் என்ன செய்யும்? ஏப்ரலிலும் மே மாதத்திலும் மேற்குக் கரை மீன் ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வரும். மேற்குக் கரையில் மத்திய அரசின் தடை ஜூன் 1ல்தான் தொடங்குகிறது. அது ஜூலை 31 வரை நீடிக்கும். (காரைக்காலும் மாகேயும் ஒரே புதுச்சேரி அரசின் கீழ் உள்ளவை. ஆனால் மாகே மேற்குக் கரையில் இருப்பதால் அங்கே தடைக் காலம் வேறு!)

ஆக, ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரையிலும் பூட்டு. குடும்பத் தலைவிக்கு மிகவும் சிக்கலான இரண்டு வாரம் அதுதான்.

மாடியில் திருவிழா!

கடல் மூடினால் என்ன, வெயில் திறந்திருக்கிறதே!

சித்திரை வைகாசி வெயிலை வீணாக்காத ஊர் அது. விடிவதற்கு முன்பே எழுந்து கூழ் காய்ச்சுவார்கள். அரிசி மாவு, ஜவ்வரிசி, பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு. கடைசியில் எலுமிச்சம்பழச் சாறு. பழைய வேட்டியை மாடியில் விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றினால் வடகம். முறுக்கு அச்சில் பிழிந்தால் இன்னொரு வகை.

ஊற்றுவது பெரியவர்கள் வேலை. காவல் காப்பது பிள்ளைகள் வேலை. கறுப்புக் குடை ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்தால் காக்கை கிட்டே வராது. ஆனால் காவல்காரப் பயல்களிடமிருந்து வடகத்தைக் காப்பாற்றக் குடை கிடையாது! பாதி காய்ந்த வடகத்தின் ருசி பொரித்த வடகத்தில் ஏது? கிண்ணத்தில் ஊற்றிய சூடான கூழுக்கும் சண்டை உண்டு.

குழம்பு தாளிக்கும் வெங்காய வடகம் வேறு. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து உருண்டை பிடித்து, நாள் கணக்கில் காய வைப்பார்கள். இந்த வடகம் கப்பல் ஏறியும் போயிருக்கிறது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது அல்லவா? அவர்கள் நாட்டுச் சமையல்காரர்கள் இன்றும் ‘வடுவான்’ என்று ஒரு மசாலா சேர்க்கிறார்கள். அது நம்முடைய வடகம்தான்.

மாங்காயைக் கீறி உப்பிட்டு வற்றல் போடுவதும் இந்த நாளில்தான். மோர் மிளகாயும் அப்படியே. நுங்கு வந்தால் பிள்ளைகளுக்கு இரட்டை லாபம். சுளையைத் தின்றுவிட்டு, இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்தால் நுங்கு வண்டி! காசு இல்லாத வண்டி. தெருவெல்லாம் ஓடும்.

ருசி சரி, சத்து?

இங்கேதான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். வடகமும் வற்றலும் நாக்குக்கு நல்லவை. மீன் விட்டுப்போன இடத்தை அவை நிரப்பாது. அரிசி வடகம் என்பது எண்ணெயில் பொரித்த அரிசிதான். அரிசிச் சோற்றுக்கு அரிசி வடகத்தையே தொட்டுக்கொண்டால் புரதக் கணக்கு அதே 22 கிராமில்தான் நிற்கும்.

கருவாடு? அதில் சத்து உண்டு. பங்குனியிலேயே வாங்கிச் சேர்த்து வைக்கும் வீடுகள் பல. கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு என்றால் பழைய சோற்றுப் பானை காலி. ஆனால் உப்பு! ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? இரத்தக் கொதிப்பு உள்ள தாத்தா பாட்டிக்கு இது ஆகாது. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் போட்டால் உப்புக் குறையும்.

அப்படியானால் வழி? பருப்பும் முட்டையும்தான். 50 கிராம் துவரம்பருப்பில் சுமார் 11 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். சேர்ந்தால் 17. ஒரு பிடி வேர்க்கடலையோ ஒரு டம்ளர் மோரோ சேர்ந்தால் மீன் விட்ட இடம் நிரம்பிவிடும். பருப்போடு முருங்கைக் கீரை சேர்ந்தால் இன்னும் நல்லது. கொல்லையில் இருக்கும் மரம். காசு கொடுக்க வேண்டாம். கூடவே ஒரு துண்டு மாங்காயோ எலுமிச்சம்பழமோ இருந்தால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது.

இந்த இரும்புச் சத்துச் சங்கதி சின்னது அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை என்று தெரிந்தது. வீட்டில் முட்டை குறைந்தால் முதலில் யார் பங்கு போகும்? கடைசியில் சாப்பிடுகிறவள் பங்குதான்.

பள்ளிக்கூடமும் பூட்டு

இன்னொரு கதவும் இதே நாளில்தான் மூடுகிறது. புதுச்சேரி மண்ணில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடுவது 1930ல், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே தொடங்கியது. பள்ளி நடக்கும் நாளில் ஒரு வேளைக் கவலை தாய்க்குக் குறையும். மே மாதம் பள்ளி இல்லை. மதியச் சோறும் இல்லை.

தகப்பன் படகு ஏறவில்லை. மீன் வரவில்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான், பசியோடு. மூன்றும் ஒரே சமயம்!

தடைக் காலத்துக்கு அரசு நிவாரணப் பணம் கொடுக்கிறது. அது தடை தொடங்கும்போதே கைக்கு வர வேண்டும் என்பது மீனவர்களின் பழைய கோரிக்கை. நியாயமான கோரிக்கை. வைகாசியில் வாங்கிய கடனை ஆனியில் வரும் பணம் அடைக்கும். ஆனால் வைகாசியில் விட்டுப்போன முட்டையை அது திருப்பித் தராது.

வாஞ்சூர் தாண்டினால் பருப்பு

ரேஷன் கதையும் இதில் உண்டு. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கியில் போடத் தொடங்கினார்கள். கடைகள் பல வருஷம் மூடிக் கிடந்தன. பணம் நல்லதா, அரிசி நல்லதா என்று பெரிய வழக்கே நடந்தது. 2024 அக்டோபரில், தீபாவளிச் சமயத்தில், கடைகள் மறுபடி திறந்தன. அப்போது கொடுத்தவை அரிசியும் சர்க்கரையும்.

கடை திறந்தது நல்ல காரியம். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். தடைக் காலத்தில் வீட்டில் குறைவது அரிசி அல்ல, சர்க்கரையும் அல்ல. புரதம்! வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். அது தமிழ்நாடு. அங்கே 2007 முதல் சிறப்புத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும் கொடுத்து வருகிறார்கள். ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். அக்காள் நாகூரில், தங்கை காரைக்காலில் என்று வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஒரே கடல், ஒரே தடை. அக்காள் பையில் மட்டும் மலிவுப் பருப்பு!

ஆண்டு முழுவதும் முடியாவிட்டாலும், அந்த இரண்டு மாதத்துக்காவது கடலோர அட்டைகளுக்குப் பருப்புப் போட்டால் என்ன? புதிதாகக் கடை கட்ட வேண்டியது இல்லை. அட்டை இருக்கிறது. கடையும் இருக்கிறது.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடியும். படகுகள் கிளம்பும். ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா வரும். சாமி வீதி உலா வரும்போது மாடி மாடியாக மாம்பழம் எறிவார்கள். பிள்ளைகள் பாய்ந்து பிடிப்பார்கள். அதற்குள் கூடையில் மத்தியும் வந்துவிடும். அடுத்த தடை மறுபடி ஏப்ரல் 15ல்.