பாக்டீரியாவுக்கு இருக்கற சொரணை

பொங்கலுக்கு கெடார் போயிருந்தேன். அம்மாவுக்கு வயித்தால போகுதுன்னு பெரியப்பா மருந்துக்கடையில சீட்டே இல்லாம ரெண்டு சிப்ரோ வாங்கிட்டு வந்து நீட்டினார். "ரெண்டு போடும்மா, டக்குனு நின்னுடும்." பொட்டி தட்டறவன் பேச்சு பெரியப்பாகிட்ட எடுபடுமா? அங்க சொல்ல முடியாததை இங்க கொட்டறேன், பொறுத்துக்குங்க மக்களே.

"கிருமி மருந்துக்குப் பழகிடும்"னு சொல்றோமில்லையா, அது ரொம்ப சாதுவான வார்த்தை. சிப்ரோ பாக்டீரியாவோட டி.என்.ஏ.வை உடைக்குது. அப்ப வெளியே தெரியற ஒத்தை இழையை ரெக்-ஏ என்கிற புரதம் போய்ப் பிடிச்சுக்குது. உடனே லெக்ஸ்-ஏ என்கிற பூட்டு தன்னைத்தானே வெட்டிக்குது. மூடிக் கிடந்த பழுதுபார்க்கும் ஜீன்கள் திறக்குது. இதுக்கு 1970களில் மிரோஸ்லாவ் ராட்மன் வெச்ச பேர் எஸ்.ஓ.எஸ். நம்ம பாஷையில எக்செப்ஷன் ஹேண்ட்லர்.

வில்லங்கம் எங்கன்னா, கடைசிக் கட்டத்துல வர்ற நொதிகள் டி.என்.ஏ.வைத் தப்பும் தவறுமா நகல் எடுக்கும். பெரும்பாலான தப்பு அதையே கொன்னுடும். கோடியில ஒண்ணு, மருந்துக்கே தப்பிக்கிற வழியாயிடும். கொல்லாத அளவுல மருந்து குடுக்கறது கிருமிக்கு ட்ரெயினிங் குடுக்கற மாதிரி.

சரி, ஆறறிவு நாம என்ன பண்ணோம்? 2010 ஆகஸ்ட்ல லான்செட் தொற்றுநோய் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனம் மாதிரி பெரிய மருந்தையே உடைக்கிற என்.டி.எம்-1 நொதியோட சென்னையில 44, ஹரியானாவில 26, பிரிட்டன்ல 37 கிருமி மாதிரிகள். ஒரு பாக்டீரியா இந்த ஜீனை இன்னொண்ணுக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கும்.

நம்ம பதில்? "மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க சதி!" நாடாளுமன்றம் வரைக்கும் குரல் வந்துச்சு. புது தில்லின்னு ஊர்ப் பேர் வெச்சது தப்புங்கறதுல நியாயம் இருந்துச்சு. 2011 ஜனவரியில லான்செட் ஆசிரியரே அதுக்கு மன்னிப்பும் கேட்டார். ஆனா பேரை மாத்தினா கிருமி போயிடுமா?

சட்டம் இல்லாமலும் இல்ல. 2014 மார்ச்சுல எச்-1 பட்டியல், 2016ல அட்டையில சிவப்புக் கோடு, 2019ல கோழி உட்பட உணவுக்கான கால்நடைகளுக்கு கோலிஸ்டின் தடை. எல்லாம் இருந்தும் கடையில கேட்டா ரெண்டு மாத்திரை கிடைக்குது.

"கூலி வேலைக்குப் போறவன் டாக்டருக்கு எங்க போவான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் பெரியப்பா மேல எனக்குக் கோபமில்ல. சீட்டு இல்லாம விக்கிறவங்க, அதைக் கண்டுக்காதவங்க, கூடவே சளிக்கெல்லாம் தானா அசித்ரோமைசின் போட்டுக்கற நம்ம ஐ.டி. கூட்டம், இவங்க மேலதான்.

மூளையே இல்லாத ஒத்தை செல், அடி விழுந்த சில நிமிஷத்துல உணர்ந்து பதில் சொல்லுது. நமக்கு 2010லயே அலாரம் அடிச்சாச்சு.

அம்மாவுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கரைச்சுக் குடுத்தேன். மறுநாள் சரியாயிடுச்சு. பெரியப்பா மட்டும் இன்னும் முறைச்சுக்கிட்டிருக்கார் :-)

டிஸ்கி: காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்து வந்தா கரைசலோட நிக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க.